போர்க்கதையில் பட்டாளத்துச் சொல்லை எங்கே வைப்பது

பட்டாளத்தில் வயர்லெஸ் பார்க்கும் சிக்னல்ஸ் பிரிவில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். இப்போது பாம்பனில் இருந்துகொண்டு கதை எழுதுகிறேன். எழுதியதும் முதலில் மதினியிடம் வாசித்துக்காட்டுவேன். கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டே கேட்பார். "எல்.எம்.ஜி. கவர் பயர் கொடுக்க, செக்‌ஷன் முன்னேறியது" என்ற வரி வந்ததும் கை நின்றுவிட்டது.

"செக்‌ஷன்னா தாலுகா ஆபிஸ்ல இருக்குமே, அதுவா தம்பி?"

எல்.எம்.ஜி. என்றால் இலகுரக இயந்திரத் துப்பாக்கி. செக்‌ஷன் என்றால் ஒரு ஹவில்தாரையும் சேர்த்துப் பத்துப் பேர். இதையெல்லாம் அடைப்புக்குறிக்குள் விளக்கினால் கதை பாடப்புத்தகமாகிவிடும். வரியையே மாற்றினேன்: "எட்டுப் பேர் எழுந்து ஓடினார்கள். எதிரி தலை தூக்காதபடி இரண்டு பேர் மட்டும் படுத்த இடத்திலிருந்து சுட்டுக்கொண்டே இருந்தார்கள்." மதினி உடனே கேட்டார்: "அந்த ரெண்டு பேரு எப்ப ஓடுவாக?" வாசகரிடமிருந்து வரவேண்டிய கேள்வி அதுதான். பழைய வரி அதைக் கேட்கவிடாமல் அடைத்துவைத்திருந்தது.

அதற்காகப் பட்டாளத்துச் சொல் எல்லாவற்றையும் களைந்துவிடாதீர்கள். 'ஸ்டாண்ட் டூ' என்பதற்கு ஈடு கிடையாது. விடியும் முன்னும் இருட்டும் வேளையிலும்தான் எதிரி வருவான் என்று எல்லோரும் ஆயுதத்தோடு அவரவர் நிலையில் நிற்பது அது. முதல் தடவை அதை ஒரு ஆளின் வாயில் வையுங்கள். அடுத்த வரியில் கை கால் அசையட்டும். "'ஸ்டாண்ட் டூ' என்று இருட்டில் குரல் வந்தது. பாதி டீயைப் பனியில் ஊற்றிவிட்டுத் துப்பாக்கியை எடுத்தான்." மூன்றாம் தடவை அந்தச் சொல் வரும்போது வாசகரே விழித்துக்கொள்வார்.

வயர்லெஸ் பேச்சைத் தப்பாக எழுதாதீர்கள். 'ஓவர்' என்றால் பதிலுக்குக் காத்திருக்கிறேன். 'அவுட்' என்றால் பேச்சு முடிந்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்வது சினிமாவில்தான்.

கொன்றதைக் கொன்றதாகச் சொல்லாத 'நியூட்ரலைஸ்' போன்ற சொல் அதிகாரியின் அறிக்கையில் இருக்கட்டும். கதைசொல்லி அதை எடுத்தாண்டால் செத்தவன் மறைந்துபோவான். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

ஈழத்துப் போரை எழுதினால் இன்னும் கவனம் வேண்டும். அங்கே சனங்களும் ஷெல், பங்கர் என்று பேசித்தான் பிழைத்தார்கள். மண்டபம் அகதி முகாமில் இருக்கும் ஒரு அக்காவிடம் "கிபிர் எனப்படும் போர்விமானம் வந்தது" என்று வாசித்தேன். அவர் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"கிபிர் எண்டால் கிபிர்தான் தம்பி. சத்தம் கேட்டவுடனை பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள்ள ஓடோணும்."

'எனப்படும் போர்விமானம்' என்ற இரண்டு சொல்லையும் அங்கேயே அடித்தேன். அவர் சொன்ன ஓட்டத்தை அடுத்த வரியாக எழுதிக்கொண்டேன்.