மெட்டேறும் ஜீப்பும் உங்கள் கேமராவும்

வாழ்க்கையை உள்ளபடி பதிவு செய்கிற ஆவணப் புகைப்படம் எடுக்க ஆசை, ஆனால் எங்கே போய் எதை எடுப்பது என்று தெரியவில்லை என்று தேனி மாவட்டத்துக் கம்பம், கூடலூர் பக்கத்துத் தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்கிறார்கள். எங்கேயும் போக வேண்டாம். காலை ஐந்தரைக்கு எழுந்து தெருமுனைக்கு வாருங்கள். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் அங்கேதான் நிற்கும். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை மாட்டி, தலையில் துண்டு கட்டி, தூக்குவாளியோடு பெண்கள் ஏறுவார்கள். கொஞ்ச நேரத்தில் மெட்டேறி, அதாவது மலைப்பாதை ஏறி, குமுளியோ கம்பம்மெட்டோ தாண்டிக் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துக்குள் இருப்பார்கள், சாயங்காலம் இருட்டுவதற்குள் நம்ம ஊருக்கே திரும்பிவிடுவார்கள். வேலை ஒரு மாநிலத்தில், அடுப்பு ஒரு மாநிலத்தில். நாம் பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சி என்பதால் யாரும் அதை நின்று பார்ப்பதில்லை.

ஆனால் "ஏலத்தோட்டத் தொழிலாளர் வாழ்க்கை" என்று கிளம்பாதீர்கள். அது தலைப்பு, கதை இல்லை. ஒரே ஒரு ஜீப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். அந்தப் பன்னிரண்டு பேரில் உங்களிடம் பேசத் தயாராக இருக்கிற ஒருவர். அவர் எழுந்ததிலிருந்து படுக்கிறவரை என்ன நடக்கிறது என்பதுதான் உங்கள் கதை. ஊர் முழுக்கச் சுற்றி நாற்பது பேரை ஆளுக்கு ஒரு படம் எடுத்தால் கையில் நாற்பது முகம் இருக்கும், ஒரு ஆளையும் தெரிந்திருக்காது.

இதற்கு எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது கார்டன் பார்க்ஸ். 1942இல் வாஷிங்டனில் அரசுத் துறை ஒன்றில் புகைப்படக்காரராகச் சேர்ந்த கறுப்பின இளைஞர். கடையிலும் ஓட்டலிலும் தியேட்டரிலும் தனக்கு நடந்த அவமானத்தைப் படமாக்க வேண்டும் என்ற கோபத்தோடு இருந்தார். அவருக்கு மேலே இருந்த ராய் ஸ்ட்ரைக்கர், அதே கட்டடத்தைக் கூட்டிப் பெருக்கும் பெண்ணிடம் போய்ப் பேசிப் பார் என்றார். பார்க்ஸ் பேசினார். எலா வாட்சன் என்ற அந்தப் பெண்ணை, பின்னால் அமெரிக்கக் கொடி தொங்க, ஒரு பக்கம் துடைப்பமும் மறுபக்கம் மாப்புமாக நிற்க வைத்து எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. நமக்குப் பாடம் அதற்குப் பிறகு இருக்கிறது. பார்க்ஸ் அந்த ஒரு படத்தோடு கிளம்பிவிடவில்லை. தொடர்ந்து எலா வாட்சனின் வீட்டுக்குப் போனார், பேரப்பிள்ளைகளோடு எடுத்தார், அவர் போகும் தேவாலயத்தில் எடுத்தார். அந்தப் படங்களில்தான் எலா வாட்சன் கொடிக்கு முன்னால் நிற்கிற உருவமாக இல்லாமல் ஒரு மனுஷியாகத் தெரிகிறார்.

சரி, எப்படி ஆரம்பிப்பது? முதல் இரண்டு மூன்று நாள் கேமரா பையிலேயே இருக்கட்டும். எனக்கு இது பட்டுத்தான் தெரிந்தது. முதல் நாளே ஜீப்புக்கு எதிரே போய் நின்று எடுக்க ஆரம்பித்தேன், ஒரு அக்கா துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். பக்கத்தில் இருந்த வயதான அம்மா, "ஏப்பா, எங்கள எடுத்துட்டுப் போயி என்ன செய்யப்போற?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்று படம் எதுவும் எடுக்காமல் திரும்பினேன். அந்தக் கேள்விக்கு நேர்மையான பதிலை வீட்டிலேயே தயார் செய்துகொண்டு போங்கள். எங்கே போடப்போகிறீர்கள், யார் பார்ப்பார்கள், அவர்களுக்கு என்ன தருவீர்கள், வேண்டாம் என்றால் என்ன செய்வீர்கள், எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஜீப் ஓட்டுகிற அண்ணனிடமும் சொல்லுங்கள். தோட்டத்துக்குள் நுழைய மானேஜரிடமோ முதலாளியிடமோ தனியாக அனுமதி வாங்க வேண்டும். மலையாளம் கொஞ்சம் தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டாலும் அந்தப் பக்கம் தமிழில் பேசினால் பெரும்பாலும் வேலை நடக்கும்.

கேமரா பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள், கையில் இருக்கிற போனே போதும், லென்ஸை மட்டும் துடைத்துக்கொள்ளுங்கள். கேமரா இருந்தால் 35 எம்எம் லென்ஸ் ஒன்று. விடியலில் தெருவிளக்கு வெளிச்சம்தான் இருக்கும், கேமரா வெளிச்சத்தை உணர்கிற அளவான ஐஎஸ்ஓவை 3200 வரை தயங்காமல் ஏற்றுங்கள். படத்தில் கொஞ்சம் புள்ளி தெரிந்தால் குடி முழுகாது. ஃபிளாஷ் மட்டும் வேண்டாம், அது அந்த நேரத்தின் நீலத்தையும் மஞ்சளையும் கொன்றுவிடும், ஆட்களையும் திடுக்கிட வைக்கும். மெட்டில் மூடுபனி இறங்கியிருந்தால் கேமரா அந்த வெள்ளையைப் பார்த்து ஏமாந்து படத்தை இருட்டாக்கும், அதனால் எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்குள் விடுகிற வெளிச்சத்தை, அரை ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). போனில் என்றால் திரையைத் தொட்டு வெளிச்சத்தை மேலே இழுத்தால் சரி. தோட்டத்துக்குள் நட்டநடுப் பகலிலும் இருட்டுத்தான், ஏலம் மர நிழலில் வளர்கிற பயிர். ஷட்டர் வேகம் 125க்குக் கீழே (நொடியில் 125இல் ஒரு பங்கைவிட மெதுவாக) போனால் காய் பறிக்கிற விரல்கள் கலங்கிவிடும்.

அந்த விரல்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏலக்காய் மரத்து உச்சியில் காய்ப்பதில்லை, செடியின் தூரிலிருந்து கிளம்பி மண்ணை ஒட்டிப் படர்கிற சரங்களில் காய்க்கிறது. எடுக்கிறவர் நாள் முழுக்கக் குனிந்தோ குந்தியோதான் இருக்க வேண்டும். நீங்கள் நின்றுகொண்டு எடுத்தால் படத்தில் வெறும் முதுகுதான் இருக்கும். நீங்களும் ஈரத்தில் உட்காருங்கள், அட்டை ஏறத்தான் செய்யும், உப்பு வைத்துக்கொள்ளுங்கள். கண் மட்டத்துக்கு வந்தபிறகு பாருங்கள்: முற்றிய காய் எது, பிஞ்சு எது என்று பார்க்காமலே விரல் தேடிப் பிடிக்கிறது, நகக்கண்ணில் கறை ஏறியிருக்கிறது, கொத்தில் இருந்து ஒன்றை மட்டும் கிள்ளிவிட்டு மற்றதை அடுத்த முறைக்கு விட்டுவைக்கிறது. இதைக் கிட்டத்தில் போய் எடுங்கள், முகமே இல்லாமல். இந்த ஒரு படம் பத்து முகத்தைவிட வேலையைச் சொல்லும்.

ஒரே மாதிரிப் படங்களாகச் சேர்ந்துவிடும் ஆபத்து எல்லாருக்கும் உண்டு. தூரத்தில் இருந்து மலையும் வளைவும் அதில் ஊர்கிற ஜீப்பும், நடுத்தூரத்தில் ஆட்கள் ஒருவரோடு ஒருவர் இருப்பது, நெருக்கத்தில் பொருளும் கையும், அப்புறம் ஒருவர் கேமராவைப் பார்த்து நிற்கிற நேர்முகப் படம் என்று மாற்றி மாற்றி எடுங்கள். தோட்டத்தோடு கதை முடிந்துவிட்டது என்றும் நினைக்காதீர்கள். பச்சைக்காய், காய வைக்கிற இடமான ஸ்டோருக்குப் போகும், சூட்டில் ஒரு நாள் போலக் காய்ந்தபின் இடுக்கிப் பக்கத்துப் புற்றடியிலோ நம்ம பக்கத்துப் போடியிலோ ஏல விற்பனைக்கு வரும். அங்கே வரிசையாகக் கம்ப்யூட்டர், திரையில் விலை. அந்தத் திரையையும் கறை படிந்த நகத்தையும் அடுத்தடுத்து வைத்தால் நீங்கள் ஒரு வரி எழுத வேண்டியதில்லை. ஒரு எச்சரிக்கை: குளிரில் இருந்து ஸ்டோர் சூட்டுக்குள் நுழைந்தால் லென்ஸில் நீர் கோர்த்துக்கொள்ளும். கேமராவைப் பிளாஸ்டிக் கவருக்குள் இறுக்கி வைத்துக் கால் மணி நேரம் கழித்து எடுங்கள்.

நடக்காததை நடத்தச் சொல்லி எடுக்காதீர்கள். அந்தக் கூடையை இன்னொரு தரம் தூக்குங்கள் அக்கா என்று கேட்கிற நிமிடம் அது ஆவணம் இல்லை. நேர்முகப் படத்துக்கு நிற்கச் சொல்லலாம், அது நிற்கச் சொன்னது என்று பார்க்கிறவருக்கே தெரியும். கம்ப்யூட்டரில் வெளிச்சம், நிறம் திருத்தலாம், ஓரத்தை வெட்டலாம். உள்ளே இருக்கிற ஒயரையோ ஆளையோ அழிக்கக் கூடாது.

படத்துக்குச் சமமான வேலை நோட்டில் இருக்கிறது. 1936இல் கலிபோர்னியாவில் டோரதியா லாங் எடுத்த, குழந்தைகளோடு கவலை தோய்ந்து உட்கார்ந்திருக்கும் தாயின் படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். லாங் அன்று அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்கவில்லை. ஃப்ளாரன்ஸ் தாம்சன் என்று உலகத்துக்குத் தெரிந்தது 1978இல்தான். அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசு கிடைக்கவில்லை என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. அவ்வளவு பெரிய கலைஞர் விட்டதை நாம் விடக் கூடாது. பெயர், வயது, ஊர், எத்தனை வருஷமாக மெட்டேறுகிறார், அன்று என்ன வேலை, தேதி. அன்றைக்கே எழுதுங்கள். ஆனால் கூலி குறைவு, கழிப்பிடம் இல்லை என்று ஒருவர் உங்களை நம்பிச் சொன்னால், அதைப் பெயரோடு போட்டால் மறுநாள் அவருக்கு ஜீப்பில் இடம் இருக்குமா என்று யோசியுங்கள், அவரிடமே கேளுங்கள். பெயரில்லாமல், முகமில்லாமல் போடவும் வழி உண்டு. சிறு பிள்ளைகள் என்றால் பெற்றவர்களைக் கேட்காமல் கூடவே கூடாது.

இரண்டு மாதத்தில் ஆயிரம் படம் சேர்ந்துவிடும். அதில் நூறைச் சின்ன அளவில் பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்புங்கள், திரையில் பார்த்துக் கழிப்பது கஷ்டம். ஒரே விஷயத்தைச் சொல்கிற இரண்டில் ஒன்றைக் கழித்துவிடுங்கள், உங்களுக்கு மிகவும் பிடித்தது கதைக்கு உதவவில்லை என்றால் அதையும். பன்னிரண்டு பதினைந்தில் நிற்க வேண்டும்.

வெளியிடுவதற்கு முன்னால் அந்தப் பதினைந்தையும் எடுத்துக்கொண்டு சாயங்காலம் ஜீப் திரும்புகிற நேரத்துக்குப் போங்கள். என்னை முதல் நாள் கேள்வி கேட்ட அம்மா தன் படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, சட்டைப் பித்தான் ஒன்று இல்லாதது தெரிகிறது, அது வேண்டாம், இன்னொன்றைப் போடு என்றார். அந்தப் படம்தான் எடுத்ததிலேயே நல்லது. ஆனாலும் அதைக் கழித்துவிட்டேன், அவர் காட்டியதைப் போட்டேன். மற்ற பிரதிகளை அங்கேயே ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டு வந்தேன்.