பழைய சி-10: பெடலும் ஸ்டியரிங்கும் திரும்ப மாட்டும்போது நடக்கும் தவறுகள்

1967 முதல் 1972 வரை வந்த செவ்ரோலே சி-10 பிக்கப்பைப் பிரிப்பது பெரிய வேலை இல்லை. மாட்டும்போதுதான் வம்பு, ஏனென்றால் இதில் பல பாகங்கள் தப்பாக வைத்தாலும் அழகாக உட்கார்ந்துகொள்ளும்.

ஸ்டியரிங் வீலையே எடுத்துக்கொள்ளுங்கள். தண்டில் எந்தப் பல்லில் வைத்தாலும் ஏறிவிடும். வண்டி நேராக ஓடும்போது வீல் கோணலாக நின்றால் பலரும் அதைக் கழற்றி ரெண்டு பல் தள்ளி மாட்டிவிட்டு, சரி, முடிந்தது என்று கிளம்பிவிடுகிறார்கள். கோணல் கண்ணுக்கு மறையும், அவ்வளவுதான். இந்த வண்டியின் ஸ்டியரிங் பாக்ஸ் குண்டுகள் உருளும் வகை. நடுவில் இறுக்கமாகவும் இரண்டு பக்கமும் கொஞ்சம் தளர்வாகவும் இருக்கும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். வண்டி நேராக ஓடும்போது பாக்ஸ் அந்த நடுவில் இல்லாவிட்டால் நேர் ரோட்டில் ஆட்டம் வரும், உடனே பாக்ஸின் மேலே இருக்கும் ஸ்குருவை முறுக்கத் தோன்றும், முறுக்கினால் பாக்ஸ் நடுவுக்கு வரும்போது பிடித்துக்கொள்ளும். லிங்கேஜை, அதாவது பாக்ஸிலிருந்து சக்கரங்களுக்குப் போகும் கம்பிகளைக் கழற்றிவிட்டு, ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை சுற்றுகளை எண்ணிப் பாதிக்கு வாருங்கள். மெதுவாக! கோடியில் மோதவிட்டால் உள்ளே குண்டுகள் ஓடும் குழாய் நசுங்கும். வீலை நேராக மாட்டிய பிறகும் கோணல் இருந்தால், டை ராட் (முன்சக்கரத்தைத் திருப்பும் கம்பி) நீளத்தை மாற்றும் ஸ்லீவ்களில் ஒன்றை எவ்வளவு நீட்டுகிறீர்களோ அவ்வளவு மற்றதைக் குறையுங்கள். அப்போதுதான் டோ, அதாவது முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு, மாறாது.

டை ராட் எண்டில் (அந்தக் கம்பியின் முனை மூட்டு), நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிலிட் பின்னின் ஓட்டை நேருக்கு வரவில்லையா, நட்டைத் தளர்த்தாதீர்கள், இறுக்கி அடுத்த காடிக்குக் கொண்டுபோங்கள். பழைய பின்னை நிமிர்த்திப் போடுவது, மன்னிக்கவும், கஞ்சத்தனம்.

பிரேக் பெடலில், பெடல் தள்ளும் கம்பியான புஷ் ராடுக்கும் பிரேக் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனுக்கும் நடுவே மயிரிழை இடைவெளியாவது வேண்டும். இல்லாவிட்டால் சிலிண்டரின் சின்னத் துளை அடைபட்டே இருக்கும். சூட்டில் விரியும் ஆயில் திரும்பப் போக வழியில்லாமல், பத்து நிமிஷ ஓட்டத்தில் பிரேக் தானாகப் பிடிக்க ஆரம்பிக்கும். டிரம்மைக் குறை சொல்லிக் கழற்றிப் பார்ப்பார்கள், அங்கே ஒன்றும் இருக்காது. பிரேக் லைட் சுவிட்சை அதிகமாக முன்னே தள்ளி மாட்டினாலும் பெடல் முழுதாக மேலே வராமல் இதே கதைதான்.

கிளட்சில் கிட்டத்தட்ட ஒரு அங்குலம் ஃப்ரீ பிளே (பெடல் வேலையைத் தொடங்குமுன் சும்மா இறங்கும் தூரம்) விடுங்கள், இல்லையென்றால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் எப்போதும் சுற்றிக்கொண்டே தேயும். அப்புறம், தேய்ந்த பெடல் புஷ்ஷை (பெடலின் அச்சைச் சுற்றியிருக்கும் வளையம்) மாற்றாமல் இந்த அளவுகளை வைப்பது வீண், அடுத்த வாரமே மாறிவிடும்.