"வளர்ந்து விளையாடுவான்தானே": சின்னப் பிள்ளைகளுக்குப் பரிசு வாங்குகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன சனிக்கிழமை திருகோணமலை மத்திய வீதியில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் நின்றேன். பக்கத்தில் ஒரு தம்பி, இருபத்தைந்து வயது இருக்கும், 100 துண்டுப் பசில் பெட்டி ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆருக்குத் தம்பி?" பழக்கதோஷம், கேட்டுவிட்டேன்.

"அக்காட மகனுக்கு ரீச்சர். நாலு வயசு. ஆனா சரியான கெட்டிக்காரன்."

முன்பின் தெரியாதவர்கூட என்னை ரீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்திலேயே எழுதியிருக்கிறது போல. ஆனால் அந்தக் கடைசி வசனம் என்னைச் சுட்டது. அதே வசனத்தைச் சொல்லி, கிட்டத்தட்ட அதே பெட்டியை வாங்கியவள் நான்.

17 வருடமாக நேசரியில் நிற்கிறேன். பிறந்தநாளுக்கு வந்தது, விஜயதசமிக்கு ஏடு தொடக்கியபோது வந்தது, கனடா மாமா அனுப்பியது எல்லாம் அடுத்த நாளே புத்தகப் பைக்குள் ஒளிந்து எங்களிடம் வந்துவிடும். வாங்கிக் கொடுத்தவர் பெட்டியைத் திறக்கும்போது பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். மூன்றாம் நாள் என்ன நடக்கிறது என்று பார்ப்பது நாங்கள்தான்.

கூர் முனை, கழரும் சாயம், உடைந்த சில்லு பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதைப் பார்க்க உங்களுக்குக் கண் இருக்கிறது.

ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது

பள்ளிக்கூடச் சட்டையை ஒரு சைஸ் பெரிதாக எடுத்து, கீழே மடித்துத் தைத்து, இரண்டு வருடம் போடவைப்போம். நல்ல சிக்கனம். அதே புத்தியோடு பரிசு வாங்கப் போவதுதான் பிழை.

என் அக்காவின் மகனுக்கு நாலு வயது நடந்தபோது கொழும்புக்குப் போயிருந்தேன். புறக்கோட்டையில் உலகப்படப் பசில் ஒன்று கண்ணில் பட்டது. 100 துண்டு. பெட்டியில் 6+ என்று பெரிதாகப் போட்டிருந்தது. நம்முடைய பிள்ளை உயிரெழுத்துப் பன்னிரண்டையும் மூச்சுவிடாமல் சொல்லுவான், முப்பது வரை எண்ணுவான். அவனுக்கென்ன ஆறு வயதுக் கணக்கு என்று நினைத்தேன். அந்த மாதச் சம்பளத்தில் நல்லதொரு துண்டு அதற்குப் போனது.

உப்புவெளியில் அவர்கள் வீட்டு விறாந்தையில் பாயை விரித்துக் கொட்டினோம். பாதித் துண்டு வெறும் நீலம், எல்லாம் கடல். இரண்டு நீலத்தை எடுத்தான், பொருத்திப் பார்த்தான், சேரவில்லை. திருப்பி வைத்தான், சேரவில்லை. பிறகு உள்ளங்கையால் ஓங்கிக் குத்தினான். ஒரு துண்டின் மூலை மடிந்தது. "கவனம், கவனம்" என்று நான்தான் கத்தினேன். அதற்குப் பிறகு நானும் அக்காவும் அத்தானும் குந்தியிருந்து இரவு பத்து மணி வரை உலகத்தைக் கட்டி முடித்தோம். உரியவன் பெட்டி மூடியைத் தலையில் கவிழ்த்தபடி பாயின் ஓரத்தில் நித்திரை.

அதோடு போயிருந்தால் காசு போன கவலை மட்டும்தான். அடுத்த தவணையில் நேசரியில் 12 துண்டு மாம்பழப் பசில் ஒன்றை அவன் முன்னால் வைத்தேன். தொடவேயில்லை. "எனக்குப் பசில் ஏலாது சித்தி. அது பெரியாக்களின்ர." ஒரு வருடம் முழுக்க அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவனுக்கு ஏலாது என்று சொல்லிக் கொடுத்தது என் பரிசு. அதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வரும், அவன் பேரில் அல்ல.

வாய்க் கெட்டிக்காரத்தனம் வேறு, விரல் வேறு. எழுத்தை ஒப்பிப்பதற்கு நினைவு போதும். பசில் அப்படியல்ல. துண்டின் வளைவைப் பார்க்க வேண்டும், நிறத்தைப் பார்க்க வேண்டும், முழுப் படத்தையும் மனதில் பிடித்திருக்க வேண்டும், மூன்றும் ஒரே நேரத்தில். என் அனுபவத்தில் மூன்று வயதுக்கு 4 முதல் 12 துண்டு, நாலு வயதுக்கு 12 முதல் 24, ஐந்து வயதுக்கு 24க்கு மேலே கொஞ்சம். முதல் நாளே, ஒருவர் பக்கத்தில் இருந்து ஓரிரு துண்டைச் சுட்டிக்காட்டினால், பிள்ளை முடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அது பெரிய சைஸ்.

பெட்டியில் உள்ள வயதையும் ஆட்கள் குழப்பிக்கொள்கிறார்கள். குழந்தை முகத்தோடு 0-3 என்று போட்டு, வட்டத்துக்குள் குறுக்குக் கோடு இழுத்திருந்தால் அது கெட்டித்தனத்தின் கணக்கில்லை, தொண்டையின் கணக்கு. மூன்று வயதுக்குக் குறைந்தவர்களின் சாமானை 31.7 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஓர் உருளைக்குள் போட்டுச் சோதிப்பார்கள். முழுதாக உள்ளே அடங்கினால் ஆகாது. பரிசு வாங்கும் பிள்ளைக்கு நாலு வயதென்றாலும், அதே வீட்டில் தவழுகிற தங்கச்சி இருந்தால் அந்தக் குறியைப் பாருங்கள். நீங்கள் யாருக்கு வாங்கினாலும் அது அவளுடைய வாய்க்குத்தான் போகும்.

"அப்ப வளர வளர விளையாடக்கூடியதா ஒன்றும் இல்லையா ரீச்சர்?" என்று கேட்பார்கள். இருக்கிறது. 'கிண்டர்கார்டன்' என்ற பெயரையே வைத்த ஜேர்மன்காரர் பிரீட்ரிக் புரோபெல், 1837இல் பிள்ளைகளுக்கென்று செய்யத் தொடங்கிய விளையாட்டுச் சாமான்களுக்கு வைத்த பெயரே 'பரிசுகள்' என்பதுதான். முதலாவது, நூலால் பின்னிய பந்துகள். மூன்றாவது, எட்டுச் சின்னக் கட்டைகளாகப் பிரியும் ஒரு மரக் கனசதுரம். அவ்வளவுதான். எங்களிடம் உள்ள கட்டைகளை மூன்று வயதுப் பிள்ளை வரிசையாக அடுக்கி ரயில் என்கிறது. நாலு வயதில் மதில் கட்டுகிறது. ஐந்து வயதில் கோணேசர் கோயில் என்று சொல்லி உயர்த்தி, மேலே ஒரு சோகியை வைக்கிறது. கட்டை அதே கட்டை. பசிலுக்கு இருப்பது ஒரே விடை. அது வராத பிள்ளை தோற்றுப்போகும். கட்டையில் யாரும் தோற்பதில்லை.

நூறு துண்டுப் பசில் விலைக்குத் தச்சரிடம் சொல்லி வேப்பமரக் கட்டை ஒரு பை நிறைய அறுத்து, தேய்த்து வாங்கலாம். நான் அப்படித்தான் செய்தேன், பிறகு.

கண்ணாடி அலுமாரி

சோகேசுக்குள் வைத்துப் பூட்டத்தான் போகிறார்கள் என்று தெரிந்தால் பிளாஸ்ரிக் பூச்சாடி வாங்குங்கள். மலிவு.

எழுத்து இருந்தால் கல்வி என்று நம்புவது

பொத்தானை அழுத்தினால் ஆங்கிலத்தில் கத்தும் பொம்மைக் கணினி ஒன்று வருடா வருடம் எங்கள் நேசரிக்கு வரும். பிள்ளைகள் ஒரே பொத்தானை நாற்பது தரம் அழுத்துவார்கள். கற்றுக்கொள்வது அந்தப் பொத்தானைத்தான்.

தமிழ் எழுத்துக் கட்டை, எழுத்து அட்டை வாங்குகிறீர்களா? நல்லது. ஆனால் காசு கொடுக்க முதல் 'ஔ'வைத் தேடிப் பாருங்கள். பல அட்டைகளில் 'ஒ' ஒன்றையும் 'ள' ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிட்டிருப்பார்கள். ஔவைப் பாட்டியின் படத்துக்கு மேலே இரண்டு எழுத்து. ஒரு பிள்ளை என்னிடம் "ஒ, ள, வை" என்று விரல் வைத்து வாசித்தது. பிள்ளை சரியாகத்தான் வாசித்தது, அச்சடித்தவர் பிழை விட்டிருக்கிறார்.

மெல்லிய 24 நிறப் பென்சில்

கூர் முறியும், முறிந்ததும் அழுகை வரும். மொத்தமான பஸ்ரல் ஆறு நிறம் போதும். அதையும் நாங்கள் இரண்டாக முறித்துத்தான் கொடுக்கிறோம். நீளமானதை மூன்று வயதுப் பிள்ளை உலக்கை மாதிரி முழுக் கையாலும் பிடிக்கும். கட்டைத் துண்டென்றால் பெருவிரலும் அடுத்த இரண்டு விரலும் வராமல் பிடிக்கவே இடமில்லை. தாய்மார் இதைப் பார்த்துவிட்டு முகம் சுளிப்பார்கள். புதுப் பஸ்ரலை முறிக்கிறாளாம் ரீச்சர்.

பொத்தான் பற்றறி

ஸ்குரூ போட்டு மூடாத மூடியென்றால் வாங்க வேண்டாம். விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்திலேயே உணவுக்குழாயைக் கடுமையாக எரித்துவிடும். உடனே ஆஸ்பத்திரி.

வேறு ஊருக்கென்று செய்ததை வாங்குவது

லண்டனிலிருந்து ஒரு பெரியம்மா மிருகப் பொம்மைப் பெட்டி அனுப்பியிருந்தார். பென்குயின், துருவக் கரடி, கங்காரு, கடைசியில் ஒரேயொரு புள்ளிமான். பென்குயினை ஒருவரும் சீண்டவில்லை. மானுக்குத்தான் அடிபாடு. கோட்டை வாசலிலும் கடற்கரையிலும் தெருவிலும் மான் திரிகிற ஊர்ப் பிள்ளைகள். அந்த மானுக்குச் சொப்பிங் பையைத் தின்னக் கொடுத்து, உடனே "தின்னாத, வயிறு நோகும்" என்று ஏசவும் செய்தார்கள். பென்குயினோடு அவர்களுக்கு என்ன கதை இருக்கிறது? பிள்ளை கண்டதில் ஒன்றாவது பரிசுக்குள் இருந்தால் அதிலிருந்துதான் விளையாட்டுத் தொடங்கும்.

விசில்

தாயோடு பகை இருந்தால் மட்டும்.

கடையில் நின்ற தம்பிக்கு இவ்வளவையும் சொல்லவில்லை, கடைக்காரர் என்னை வெளியே அனுப்பியிருப்பார். பசில் கதையை மட்டும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். ஒரு பந்தும் மண் அள்ளுகிற வாளியும் எடுத்துக்கொண்டு காசு கட்டப் போனார். அந்தப் பெட்டியும் கையில்தான் இருந்தது.

நான் பார்ப்பதைக் கண்டு சிரித்தார். "இது அத்தானுக்கு ரீச்சர்."