வேலை பார்த்துக்கொண்டே டிப்ளமோ: பணம் கட்டுவதற்கு முன் செய்கிற தவறுகள்

வேலைக்குப் போய்க்கொண்டே மேனேஜ்மெண்டிலோ ஏதாவது ஒரு தொழில்சார் துறையிலோ டிப்ளமோ படித்துவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் கேட்கிற கேள்விகள் மூன்று. ஃபீஸ் எவ்வளவு, எத்தனை மாதம், ஆன்லைனா நேரில் போகணுமா. இதற்குப் பதில் கிடைத்தவுடன் விண்ணப்பம் போய்விடுகிறது. படித்து முடித்த பிறகு அந்தச் சான்றிதழை யாரிடம் நீட்டப் போகிறோம், அவர் அதை என்னவாக எடுத்துக்கொள்வார் என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது, சிலருக்கு முடித்து ஒரு வருடம் கழித்து வருகிறது. எந்த டிப்ளமோவாக இருந்தாலும் அதை முடிவிலிருந்து பின்னோக்கிப் பார்க்க வேண்டும். பதவி உயர்வுக்கா, துறை மாறுவதற்கா, பிறகு டிகிரி முடிப்பதற்கா என்று தெரியாமல் சேர்ந்தால் நல்ல படிப்புகூட உங்களுக்கு உதவாத படிப்பாகிவிடும்.

டிப்ளமோ என்று போட்டிருந்தால் எல்லாம் ஒரே அளவு என்று நினைப்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். பிரிட்டன் கட்டமைப்பை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் பல நாடுகளில் தனியார் நிறுவனங்கள் நடத்தும் மேனேஜ்மெண்ட் டிப்ளமோக்கள் அதை ஒட்டி வருகின்றன. அங்கே லெவல் 4 என்பது டிகிரியின் முதல் வருடத்தின் கடினம், லெவல் 5 இரண்டாம் வருடம், லெவல் 6 இறுதி வருடம். பல்கலைக்கழகம் தருகிற உயர்கல்வி டிப்ளமோ லெவல் 5, அதற்கு 240 கிரெடிட் (படிப்பின் அளவைச் சொல்கிற அலகு). அதே நாட்டில், தொழில்சார் தகுதிகளுக்கான விதிப்படி மொத்தப் படிப்பு நேரம் 370 மணியைத் தொட்டாலே அதற்கு டிப்ளமோ என்று பெயர் வைக்கலாம். 10 மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட் என்ற கணக்கில் அது வெறும் 37 கிரெடிட். இரண்டும் லெவல் 5 ஆக இருக்கலாம், இரண்டும் டிப்ளமோ, ஆனால் ஒன்று மற்றதைவிட ஆறு மடங்குக்கு மேல் பெரியது. லெவல் எவ்வளவு கடினம் என்பதை மட்டும்தான் சொல்லும், எவ்வளவு படித்தீர்கள் என்பதைக் கிரெடிட்தான் சொல்லும். விளம்பரத்தில் லெவல் பெரிய எழுத்தில் இருக்கும், கிரெடிட்டை நீங்கள்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். எங்கேயும் போடவில்லை என்றால் அதுவே ஒரு பதில்தான்.

சரி, கிரெடிட்டை மட்டும் பார்த்தால் போதுமா என்றால், அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு கிரெடிட் என்பது நாட்டுக்கு நாடு வேறு எடை. பிரிட்டனில் 10 மணி, ஐரோப்பிய முறையில் 25 முதல் 30 மணி, மலேசியாவில் 40 மணி, இலங்கையின் தகுதிக் கட்டமைப்பில் 50 மணி. மலேசியாவில் ஒரு டிப்ளமோவுக்குக் குறைந்தது 90 கிரெடிட் வேண்டும். 240 கிரெடிட் கேட்கிற பிரிட்டன் டிப்ளமோவின் பக்கத்தில் வைத்தால் இது பாதிகூட இல்லை போலத் தெரியும். மணி நேரத்துக்கு மாற்றிப் பாருங்கள்: 90-ஐ 40-ஆல் பெருக்கினால் 3,600 மணி, 240-ஐ 10-ஆல் பெருக்கினால் 2,400 மணி. எண்ணைப் பார்த்து ஒப்பிட்டவர் நேர் எதிராக முடிவெடுத்திருப்பார்.

இன்னொரு குழப்பம், டிகிரிக்குக் கீழே உள்ள இளநிலை டிப்ளமோவையும் அதற்கு மேலே உள்ளவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பார்ப்பது. ஆஸ்திரேலியாவில் டிப்ளமோ லெவல் 5, அட்வான்ஸ்டு டிப்ளமோ லெவல் 6, டிகிரி லெவல் 7. ஆனால் கிராஜுவேட் டிப்ளமோ லெவல் 8, அதாவது டிகிரிக்கும் மேலே. சிங்கப்பூர் பாலிடெக்னிக்குகளின் ஸ்பெஷலிஸ்ட் டிப்ளமோ ஏற்கெனவே டிப்ளமோவோ டிகிரியோ வைத்திருப்பவர்களுக்கானது. இந்தியாவில் பிஜிடிஎம் (மேனேஜ்மெண்டில் முதுநிலை டிப்ளமோ) என்பது டிகிரி முடித்தவர்களுக்கு. டிகிரி இல்லாமலே, அனுபவத்தை வைத்து மேல்நிலை டிப்ளமோவில் சேர்த்துக்கொள்கிறேன் என்று ஒரு நிறுவனம் சொன்னால் சந்தோஷப்படுவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். நாளைக்கு ஒரு அரசு வேலை விண்ணப்பத்திலோ விசா படிவத்திலோ டிகிரி எங்கே என்று கேட்டால், அதன் மேல் நிற்கிற டிப்ளமோவைக் காட்டி எந்தப் பயனும் இல்லை.

அடுத்தது, "இதை முடித்தால் நேராக டிகிரி மூன்றாம் வருடம் சேரலாம்" என்ற வாக்குறுதி. இது பல சமயம் உண்மை, அதனால்தான் ஆபத்தானது. கிரெடிட்டை ஏற்றுக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்வது டிப்ளமோ கொடுத்த இடம் இல்லை, அடுத்து சேர்த்துக்கொள்ளப்போகிற இடம். "வாய்ப்பு உண்டு" என்பதற்கும் "இந்தப் பல்கலைக்கழகத்தோடு, இந்தப் பட்டத்துக்கு, இத்தனை கிரெடிட்டுக்கு எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் இருக்கிறது" என்பதற்கும் உள்ள தூரம் பெரியது. அந்த ஒப்பந்தம் எந்த வருடம் வரை செல்லும் என்பதையும் கேளுங்கள். நீங்கள் பகுதிநேரமாக மூன்று, நான்கு வருடம் இழுத்து முடிக்கும்போது அது காலாவதியாகியிருக்கக் கூடாது.

கிரெடிட்டை ஏற்றுக்கொண்டாலும் எந்தக் கணக்கில் ஏற்றுகிறார்கள் என்பது முக்கியம். தொழில்சார் டிப்ளமோவில் படித்த பாடங்களை மொத்தமாக விருப்பப் பாடக் கணக்கில் சேர்த்துவிட்டு, கட்டாயப் பாடங்கள் அனைத்தையும் மறுபடி படிக்கச் சொல்கிற இடங்கள் உண்டு. காகிதத்தில் 60 கிரெடிட் மாற்றிக்கொடுத்திருப்பார்கள், உங்களுக்கு மிச்சமானது ஒரு செமஸ்டராக இருக்கும். அமெரிக்காவில் டிகிரிக்குப் பொதுவாக 120 கிரெடிட், அதில் ஒரு பகுதியைப் பட்டம் தருகிற பல்கலைக்கழகத்திலேயே படித்தாக வேண்டும் என்ற விதி பல இடங்களில் இருக்கிறது. வெளியிலிருந்து எவ்வளவு கொண்டுவந்தாலும் அந்தப் பகுதியைத் தாண்ட முடியாது.

இந்தியாவில் இப்போது டிகிரிக்குள்ளேயே இளநிலை டிப்ளமோ வந்திருக்கிறது. 2020-ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையின்படி இரண்டு வருடம் முடித்து வெளியேறினால் டிப்ளமோ. பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வெளியிட்ட கட்டமைப்பில் அதற்கு 80 கிரெடிட்டோடு கோடைக்கால விடுமுறையில் 4 கிரெடிட் தொழிற்பாடமும் முடித்திருக்க வேண்டும். வெளியேறியவர் மூன்று வருடத்துக்குள் திரும்பி வரலாம், மொத்தம் ஏழு வருடத்துக்குள் டிகிரியை முடிக்க வேண்டும். வேலை கிடைத்துப் பாதியில் போகிறவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த 4 கிரெடிட்டை மறந்தவருக்கு 80 இருந்தும் டிப்ளமோ கையில் வராது. "எப்ப வேணும்னாலும் திரும்பிக்கலாம்" என்று இருந்துவிட்டால் மூன்று வருடம் ஓடிப்போய்விடும்.

அங்கீகாரம் பற்றி எல்லோரும் எச்சரிக்கிறார்கள், அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் இருக்கிற முத்திரைகளைப் பார்க்காதீர்கள், ஒழுங்குமுறை அமைப்பின் பதிவேட்டில் தேடுங்கள். இங்கிலாந்தில் தகுதிகளை ஒழுங்குபடுத்துகிற ஆஃப்குவால் அமைப்பின் பதிவேடு, மலேசியத் தகுதிப் பதிவேடு, இந்தியாவில் மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியல் எல்லாம் பொதுவில் கிடைக்கின்றன. இந்தியப் பட்டியலில் நிறுவனத்தின் பெயர் இருப்பது மட்டும் போதாது, நீங்கள் சேருகிற படிப்பும் சேருகிற கல்வி ஆண்டும் அதில் இருக்க வேண்டும். ஐஎஸ்ஓ சான்று என்பது நிர்வாக முறைக்குத் தருவது, படிப்புக்கான அங்கீகாரம் கிடையாது. சிங்கப்பூரில் தனியார் பள்ளி பதிவு செய்யப்பட்டிருக்கிறது என்பதற்கும் படிப்பின் தரத்துக்கு அரசு உத்தரவாதம் தருகிறது என்பதற்கும் சம்பந்தமில்லை. அப்புறம், பாடம் நடத்துகிறவர் ஒருவர், சான்றிதழ் தருகிறவர் வேறொருவர் என்பது சகஜம். தேட வேண்டியது இரண்டாமவர் பெயரை.

இப்போது நேரத்துக்கு வருவோம், வேலைக்குப் போகிறவர்கள் பாதியில் நிறுத்துவதற்கு நான் பார்த்தவரையில் பெரிய காரணம் இதுதான். "வாரம் இரண்டு வகுப்பு, சனிக்கிழமை மட்டும்" என்று படித்துவிட்டு வாரத்துக்கு ஐந்து மணி நேரம் என்று மனசில் போட்டுக்கொள்கிறார்கள். 120 கிரெடிட் பிரிட்டன் பாணிப் படிப்பு என்றால் 1,200 மணி. இரண்டு வருடத்தில் பகுதிநேரமாக முடிப்பதானால் வருடத்துக்கு 600, விடுமுறை போக 40 வாரம் என்று வைத்தால் வாரத்துக்கு 15 மணி. வகுப்பு இதில் ஐந்து மணி இருக்கலாம், மிச்சம் பத்தும் வாசிப்பும் எழுத்தும். திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் ஏழரை. பாக்கி ஏழரை மணியும் சனி ஞாயிறில் வர வேண்டும், ஷிப்ட் மாறுகிற வாரத்தில் அந்த ஒன்றரை மணியும் போய்விடும். உங்கள் போன வாரத்தை எடுத்து, உண்மையில் எங்கெங்கே நேரம் போனது என்று பார்த்து, அதில் 15 மணியைப் பொருத்திப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் ஆசையைக் கைவிட வேண்டாம், ஒரு பருவத்துக்கு எடுக்கிற பாடங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடத்தில் முடிந்த டிப்ளமோ, இரண்டாம் வருடத்தில் நின்றுபோனதைவிட மேல். அப்படி நீட்டிக்க அனுமதி உண்டா, அதிகபட்சக் காலம் என்ன என்பதைச் சேருவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

அனுபவத்தைக் கணக்கில் காட்டாமல் விடுவதும் அடிக்கடி நடக்கிறது. முன்பு படித்ததையும் வேலையில் கற்றதையும் மதிப்பிட்டு சில பாடங்களிலிருந்து விலக்கு தருகிற முறை பல நாடுகளில் இருக்கிறது. மலேசியாவில் அதற்கென்று தேசிய அளவில் ஒரு ஏற்பாடே உண்டு. ஆனால் இது கேட்டால்தான் கிடைக்கும், பெரும்பாலும் அந்தப் பாடம் தொடங்குவதற்கு முன்பே கேட்க வேண்டும். "பத்து வருஷம் சூப்பர்வைசரா இருந்தேன்" என்பது அங்கே ஆதாரம் ஆகாது. நீங்கள் போட்ட ஷிப்ட் அட்டவணை, புதியவர்களுக்குக் கொடுத்த பயிற்சிக் குறிப்பு, மேலாளரின் கடிதம், முடித்த சின்னப் பயிற்சிகளின் சான்றிதழ், இவற்றை ஒவ்வொரு பாடத்தின் நோக்கத்தோடும் பொருத்திக் காட்ட வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் ஒரு பாடத்தின் கட்டணமும் சில மாதமும் மிச்சம். ஒரு எச்சரிக்கை: இங்கே விலக்கு பெற்ற பாடத்தை, பின்னால் டிகிரிக்குப் போகும்போது அந்தப் பல்கலைக்கழகம் ஒத்துக்கொள்ளும் என்று இல்லை.

மேனேஜ்மெண்டா, லாஜிஸ்டிக்ஸ், மனிதவளம், திட்ட மேலாண்மை போல ஒரு துறையைச் சேர்ந்ததா என்ற தேர்வில் என் கருத்தை வெளிப்படையாகவே சொல்கிறேன். ஏற்கெனவே நாலு பேரை வேலை வாங்கிக்கொண்டிருப்பவருக்கு, பதவி உயர்வுக்குக் காகிதம் மட்டும் குறை என்றால், பொது மேனேஜ்மெண்ட் டிப்ளமோ பொருந்தும். கீழே யாருமே இல்லாத, வேலையில் சேர்ந்து கொஞ்ச காலமே ஆனவர் அதைப் படித்தால் நேர்காணலில் சொல்வதற்கு எதுவும் இருக்காது. அவருக்குத் துறை சார்ந்ததுதான் நல்லது. அதே சமயம் துறை சார்ந்த படிப்புகளில் உங்கள் வேலையிடத்தை வைத்தே புராஜெக்ட் செய்யச் சொல்வார்கள். நடுவில் வேலை மாறினால் அது அந்தரத்தில் நிற்கும். நிறுவனத்தின் விற்பனைக் கணக்கையோ ஊழியர் விவரத்தையோ அனுமதி இல்லாமல் அசைன்மெண்டில் போட்டால் சிக்கல் வேறு மாதிரி வரும், மேலாளரிடம் முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அசைன்மெண்டைப் பற்றி ஒன்று. அனுபவசாலிகள்தான் இதில் அதிகமாக மதிப்பெண் இழக்கிறார்கள். "உங்கள் பிரிவில் ஊழியர்கள் விலகுவதைக் குறைக்க எடுத்த நடவடிக்கையை மதிப்பிடுக" என்று கேட்டிருப்பார்கள். இவர் என்னென்ன செய்தோம் என்று மூன்று பக்கம் கதையாக எழுதிவிடுவார். கேட்டது மதிப்பீடு: விலகல் எவ்வளவாக இருந்தது, எவ்வளவாக மாறியது, அந்த மாற்றத்துக்கு நாம் செய்ததுதான் காரணமா அல்லது வெளியே வேலை கிடைக்காததா, வேறு வழி என்ன இருந்தது, அதை ஏன் விட்டோம். இதே கேள்விகளை அலுவலகக் கூட்டத்தில் அவரே மற்றவர்களிடம் கேட்பார், தாளில் எழுதும்போது மட்டும் மறந்துபோகும். ஏஐ எழுதிக்கொடுத்ததை அப்படியே வைக்கிறவர்களுக்கும் இங்கேதான் பிடிபடும், உங்கள் பிரிவின் எண்கள் அதற்குத் தெரியாது.

கம்பெனி ஃபீஸ் கட்டுகிறது என்றால், படித்து முடித்து எத்தனை காலம் அங்கேயே இருக்க வேண்டும், முன்னதாகப் போனால் முழுவதையும் திருப்பித் தர வேண்டுமா, ஒரு பாடத்தில் தோற்றால் அதற்கு யார் கட்டுவது என்று பாருங்கள். சொந்தப் பணம் என்றால், எந்தத் தேதி வரை விலகினால் பணம் திரும்ப வரும் என்பதை நாள்காட்டியில் குறித்துவையுங்கள். ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களில் இதற்கென்றே ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு சென்சஸ் தேதி உண்டு, அது தாண்டினால் பாடத்தை விட்டாலும் கட்டணம் உங்கள் தலையில்.

இதையெல்லாம் போனில் கேட்காதீர்கள். போனில் எல்லாவற்றுக்கும் "ஆமா சார், உண்டு சார்" என்றுதான் பதில் வரும், கூடவே இன்றைக்குள் கட்டினால் தள்ளுபடி என்பதும் வரும். மின்னஞ்சலில் கேளுங்கள்: மொத்தக் கிரெடிட், சான்றிதழ் தருவது யார், டிகிரிக்கு மாற்ற எந்தப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம், அதிகபட்சக் காலம், விலகல் விதி. எழுத்தில் பதில் வரவில்லை என்றால் வேறு இடம் பார்க்கலாம். வந்தால், அந்த மின்னஞ்சலையும் நீங்கள் சேர்ந்த வருடத்தின் மாணவர் கையேட்டையும் சேமித்துவைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பாடத்திட்டம் மாறி, எந்த விதி உங்களுக்குப் பொருந்தும் என்ற பேச்சு வந்தால் காட்டுவதற்கு அதுதான் கையில் இருக்கும்.