மெல்லிய முடிக்கு ஷவர் வேகம் எவ்வளவு?

கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் மேல்மாடியில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், தண்ணீர்த் தாங்கி தலைக்கு மேலேயே இருக்கும், ஆனால் ஷவரில் தண்ணீர் நூல் மாதிரித்தான் வரும். ஷவருக்கு மேலே தாங்கி இருக்கும் உயரத்தில் ஒரு மீற்றருக்குச் சுமார் 0.1 பார் அழுத்தம்தான் கிடைக்கும், அதுதான் காரணம். மெல்லிய முடிக்கு இது பெரிய சிக்கல். ஷாம்பு, கண்டிஷனர் கொஞ்சம் தங்கினாலே போதும், எண்ணெய் வைத்த மாதிரி முடி தலையோடு ஒட்டிக்கொள்ளும். அவசரப்படாமல் இன்னும் இரண்டு மூன்று நிமிடம் அலசுங்கள், இல்லாவிட்டால் கடைசியில் ஒரு வாளித் தண்ணீரைக் கோப்பையால் அள்ளி ஊற்றுங்கள், நான் அதைத்தான் செய்கிறேன். ஷவர் துளைகள் உப்புப் படிந்து அடைத்திருந்தால் கழற்றி அரை மணிநேரம் வினாகிரியில் ஊற வையுங்கள்.

பிரஷர் பம்ப் பூட்டிய வீடு என்றால் பிரச்சினை வேறு. வேகமான தண்ணீர் முடியை வேரோடு பிடுங்காது, பயப்பட வேண்டாம் (ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது வழமைதான்), ஆனால் நனைந்த முடிக்குப் பலம் குறைவு, நாலா பக்கமும் அடிபட்டால் சிக்குப்படும். வேகத்தைக் குறைத்து, தலையை நிமிர்த்தி, முடி விழும் திசையிலேயே தண்ணீர் வழியும்படி நில்லுங்கள். பிறகு துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.