சோற்றுப் பொட்டலத்தோடு தெருவுக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

தெருவில் வாழ்கிறவர்களுக்குச் சோறு கொடுக்கத் தொடங்கிய முதல் வருடம் முழுக்க நாங்கள் பொட்டலங்களைத்தான் எண்ணிக்கொண்டிருந்தோம். ஞாயிறு இரவு சென்னை பாரிமுனையில் தொடங்கி வால்டாக்ஸ் சாலை வரை போவோம். கொண்டுபோன நூறும் தீர்ந்துவிட்டால் திருப்தியாக வீடு திரும்புவோம். ஒருநாள் பூட்டிய கடை வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு ஆயாவிடம் சாம்பார் சாதத்தை நீட்டினேன். அவர் பக்கத்தில் பிரிக்காத பொட்டலங்கள் ஏற்கெனவே மூன்று இருந்தன. "வாய்ல பல்லே இல்ல தம்பி. வர்றவங்க எல்லாம் சோறுதான் தர்றீங்க. ஒரு டீ வாங்கிக் குடேன்" என்றார்.

கேட்காமல் கொடுப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ஞாயிற்றுக்கிழமை, அமாவாசை, யாராவது ஒருவரின் பிறந்தநாள் என்றால் ஒரே தெருவுக்கு மூன்று குழுக்கள் வந்துவிடும். செவ்வாய்க்கிழமை அதே தெருவுக்கு ஒரு குழுவும் வராது. மற்ற குழுக்களிடம் பேசி நாட்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். நாங்கள் செவ்வாய்க்கு மாறினோம். சென்னையில் 2013இலிருந்து அம்மா உணவகம் இருக்கிறது, ஒரு ரூபாய்க்கு இட்லி கிடைக்கிறது. நடக்க முடிந்தவர்கள் எப்படியோ போய்ச் சாப்பிட்டுவிடுகிறார்கள். காலில் புண்ணோடு ஒரே இடத்தில் கிடப்பவர்களுக்குத்தான் நம் பொட்டலம் முதலில் போய்ச்சேர வேண்டும். ஆனால் அவர்கள் வரிசையில் வந்து நிற்க மாட்டார்கள், நாம்தான் தேடிப் போக வேண்டும்.

அடுத்தது சோறு கெடுவது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நல்ல மனதோடு செய்கிறவர்கள்தான் இதில் அதிகம் தவறுகிறார்கள். மாலை ஐந்து மணிக்கு வடித்த சோற்றைச் சூட்டோடு பிளாஸ்டிக் கவரில் கட்டி, மூட்டையாக அடுக்கி, இரவு பத்து மணிக்குக் கொடுக்கிறோம். வாங்கியவர் பாதியைக் காலைக்கு எடுத்து வைக்கிறார். அரிசியில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் கொதிக்கிற உலையிலும் சாகாது. வெதுவெதுப்பில் சோறு கிடந்தால் அந்தக் கிருமி பெருகி நஞ்சை உண்டாக்கும். அப்புறம் சுடவைத்தாலும் அந்த நஞ்சு எல்லாம் போய்விடாது. நம் வீட்டில் வயிற்றுப்போக்கு வந்தால் கழிவறை நாலு அடி தூரம். நடைபாதையில் இருக்கும் பெண்ணுக்கு நடுராத்திரி கட்டணக் கழிப்பிடம் பூட்டிக் கிடக்கும். அந்த இரவை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். ஆகவே கிளம்புவதற்குச் சற்று முன்னால் சமையுங்கள், இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்து முடியுங்கள். தேங்காய்ச் சட்னி வேண்டாம். புளிசாதம் மற்ற சாதங்களைவிடத் தாங்கும். கல்யாண மண்டபத்தில் மீந்த சாப்பாடு என்றால், எத்தனை மணிக்கு இறக்கியது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். சரியான பதில் வராவிட்டால் வாங்காதீர்கள்.

தூங்குகிறவர்களை எழுப்பாதீர்கள். விடிவதற்கு முன்னால் மூட்டை தூக்கப் போகிறவருக்கு அந்தத் தூக்கம்தான் கூலி. தெருவில் படுத்திருக்கும் ஒரு பெண்ணின் தோளை இருட்டில் யாராவது தொட்டால், அவர் பதறி எழுவது சோற்றுக்காக இருக்காது. சத்தமில்லாமல் தலைமாட்டில் வைத்துவிட்டு வரவும் வேண்டாம். நாயும் பெருச்சாளியும் முகத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

போட்டோ எடுக்காதீர்கள். ஓட்டலில் வேலை செய்வதாக ஊருக்குச் சொல்லியிருந்த ஒருவர், போனைப் பார்த்ததும் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவர் அன்று பட்டினி.

வீடற்றோர் காப்பகத்துக்கு வர மறுப்பவரைப் பிடிவாதக்காரர் என்று நினைப்பதும் தவறுதான். பெருநகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகமாவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் உத்தரவிட்டது. சென்னை மாநகராட்சியின் காப்பகங்களும் இருக்கின்றன. ஆனால் ஆணுக்குத் தனி இடம், பெண்ணுக்குத் தனி இடம் என்றால் வயதான கணவனும் மனைவியும் என்ன செய்வார்கள்? தள்ளுவண்டியை எங்கே விடுவது? ஜார்ஜ் டவுன் பக்கம் தலைமுறைகளாக ஒரே நடைபாதையில் வாழும் குடும்பங்கள் உண்டு. பிழைப்பும் பிள்ளைகளின் பள்ளியும் அங்கேதான். என்ன தடை என்று உட்கார்ந்து கேளுங்கள். மனநலம் குன்றித் திரிகிறவரை நீங்களாக வண்டியில் ஏற்றுவதோ முடிவெட்டிவிடுவதோ கூடவே கூடாது. அவர்களைப் பாதுகாத்து மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு, 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அந்தப் பகுதிக் காவல் நிலையத்துடையது. அங்கே போய்ச் சொல்லுங்கள், கூடவே நில்லுங்கள்.

என்னை இன்னும் வருத்துவது ஒரு வாக்குறுதி. "அடுத்த வாரம் கண்ணாடி கொண்டுவரேன் ஐயா" என்று ஒரு பெரியவரிடம் சொன்னேன். வேலை வந்தது, போகவில்லை. மூன்றாவது வாரம் போனபோது, பக்கத்தில் இருந்தவர் சொன்னார்: மழையில் எல்லோரும் பஸ் ஸ்டாண்டுக்கு ஒதுங்கியபோதும் பெரியவர் நகரவில்லையாம், நான் வந்தால் தேடுவேன் என்று.

அன்றிலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். யார், எங்கே, என்ன கேட்டார், யார் கொண்டுபோவது என்று எழுதிவிடுவோம். கொண்டுபோக முடியாததை அங்கேயே முடியாது என்று சொல்லிவிடுகிறோம். போன வாரப் பக்கத்தில் இருப்பவை: ஒரு கொசுவலை, ஆறாம் நம்பர் செருப்பு, ஆதார் அட்டை நனையாமல் வைக்க ஜிப் கவர் நான்கு, ஆயாவுக்கு டீயும் பன்னும்.