சைட்டோகுரோம் சி-யை வைத்து நீங்களே பரிணாம மரம் வரையலாம்

மனிதனும் ஈஸ்ட்டும் ஒரே மூதாதையின் வழி வந்தவை என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். கணினியும் இணையமும் இருந்தால் அதற்கான சான்றை ஒரே மாலையில் உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

இதற்கு நான் தேர்ந்தெடுப்பது சைட்டோகுரோம் சி என்ற சிறிய புரதம். மைட்டோகாண்ட்ரியாவில் எலெக்ட்ரான்களைக் கடத்துவது இதன் வேலை. சுவாசிக்க இது தேவை என்பதால் விலங்கு, தாவரம், பூஞ்சை எல்லாவற்றிலும் இருக்கிறது. மனிதனில் 104 அமினோ அமிலங்கள்தான். 1967-ல் வால்டர் ஃபிட்ச்சும் இமானுவேல் மார்கோலியாஷும் 20 உயிரினங்களின் சைட்டோகுரோம் சி-யை ஒப்பிட்டு மரம் வரைந்தார்கள். அதையே சிறிய அளவில் நாமும் செய்யப்போகிறோம்.

படி 1: வரிசைகளை எடுத்தல்

யூனிப்ராட் (UniProt) என்ற புரதத் தரவுத்தளத்தில் மனிதன், சிம்பன்சி, ரீசஸ் குரங்கு, குதிரை, எலி, கோழி, ஈஸ்ட் ஆகிய ஏழின் சைட்டோகுரோம் சி வரிசைகளை, அதாவது அமினோ அமிலங்கள் அடுத்தடுத்து நிற்கும் ஒழுங்கை, தேடுங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் அங்கே ஓர் எண் உண்டு. மனிதனுடைய எண்ணை மறக்கவே முடியாது: P என்ற ஆங்கில எழுத்தும் ஐந்து 9-களும். சைட்டோகுரோம் பி, சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்று வருபவை வேறு புரதங்கள், அவற்றைத் தொடாதீர்கள்.

எலியில் கொஞ்சம் நிதானியுங்கள். தேடினால் இரண்டு சைட்டோகுரோம் சி வரும். ஒன்று உடல் செல்களுக்கு உரியது, மற்றொன்று விந்தகத்துக்கு மட்டும் உரியது. நமக்கு வேண்டியது முதலாவது, அதன் எண் P62897. பழங்காலத்தில் ஒரு மரபணு இரண்டு பிரதிகளாகி, ஒவ்வொன்றும் தன் போக்கில் மாறியதால் வந்தவை இவை. எலியின் இந்த இரண்டு பிரதிகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு, எலிக்கும் மனிதனுக்கும் இடையிலுள்ளதைவிட அதிகம். விந்தகப் பிரதியை எடுத்தாலும் மென்பொருள் மரம் வரையும், பிழைச் செய்தி எதுவும் வராது; ஆனால் எலி மட்டும் எங்கோ தனியாகப் போய் நிற்கும். இனங்கள் பிரிந்ததால் உண்டான உறவு வேறு, மரபணு பிரதியானதால் உண்டான உறவு வேறு. ஃபிட்ச் 1970-ல் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்ததே இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான். ஈஸ்ட்டிலும் இரண்டு உண்டு, P00044-ஐ எடுங்கள்.

படி 2: ஒரே கோப்பில் சேர்த்தல்

வரிசைகளை ஃபாஸ்டா (FASTA) என்ற எளிய உரை வடிவில் பதிவிறக்கி, நோட்பேடில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டுங்கள். வேர்டு வேண்டாம். > குறிக்குப் பின்னால் உள்ள நீண்ட தலைப்பை அழித்துவிட்டு உயிரினத்தின் பெயரை மட்டும் ஆங்கிலத்தில், இடைவெளி இல்லாமல் எழுதுங்கள். முதல் இடைவெளியிலேயே பெயரை நறுக்கிவிடும் மென்பொருள்கள் உண்டு.

படி 3: சீரமைத்தல்

ஒத்த இடங்கள் ஒன்றன்கீழ் ஒன்று வரும்படி வரிசைகளை அடுக்குவதுதான் சீரமைத்தல். அதற்கு இணையத்திலேயே கிளஸ்டல் ஒமேகா (Clustal Omega) என்ற கருவி இருக்கிறது. ஆனாலும் இலவசமான மெகா (MEGA) மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள் என்பதே என் பரிந்துரை. சீரமைப்பு, கணக்கு, மரம் எல்லாம் ஒரே இடத்தில் முடியும். அதில் கோப்பைத் திறந்து மசில் (MUSCLE) முறையில் சீரமையுங்கள். ஈஸ்ட்டின் தொடக்கத்தில் சில அமினோ அமிலங்கள் கூடுதலாக இருப்பதால் மற்றவற்றில் அங்கே கோடுகள் விழும். அது சரிதான்.

கிளஸ்டலே போதும் என்பவர்களுக்கு ஒன்று: அது தரும் வழிகாட்டி மரம் சீரமைப்புக்கான இடைக்கணக்குதான். அதைப் பரிணாம மரமாகக் கொள்ளாதீர்கள்.

படி 4: எண்ணிப் பார்த்தல்

மரத்துக்கு முன் வேறுபாடுகளின் எண்ணிக்கையைக் கணக்கிடுங்கள். மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் 0. ரீசஸ் குரங்குடன் 1. குதிரையுடன் 12, கோழியுடன் 13. ஈஸ்ட்டோடு ஒப்பிட்டாலும் பாதிக்கு மேல் ஒன்றாகவே இருக்கும். ரொட்டியை உப்ப வைக்கும் நுண்ணுயிரும் நாமும் ஒரே கருவியால் சுவாசிக்கிறோம் என்பது எனக்கு இன்றும் சிலிர்ப்பூட்டுகிறது.

படி 5: மரம்

வேறுபாடுகளின் அளவை வைத்து மரம் கட்டும் நெய்பர் ஜாயினிங் (Neighbor-Joining) முறையைத் தேர்ந்தெடுத்து, பூட்ஸ்டிராப் (bootstrap) 1000 என்று கொடுத்து, ஈஸ்ட்டை வேராக வையுங்கள். ஒவ்வொரு கிளை முடிச்சையும் எவ்வளவு நம்பலாம் என்று காட்டும் எண்தான் பூட்ஸ்டிராப். கிளைகள் மேலிருந்து கீழாக நிற்கும் வரிசைக்குப் பொருள் இல்லை. எந்த இரண்டு எந்த முடிச்சில் சேர்கின்றன என்பதை மட்டும் பாருங்கள்.

பிற்சேர்க்கை

செய்து பார்த்த சிலர், எலி நம்மைவிடக் குதிரைக்கு நெருக்கமாக வருகிறதே என்று கேட்டிருந்தார்கள். எண்ணிக்கையும் அப்படித்தான் சொல்லும்: எலிக்கும் குதிரைக்கும் 6, எலிக்கும் மனிதனுக்கும் 9. எலிக்கும் கோழிக்கும்கூட 8தான்! ஆனால் முழு மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டால் குதிரையைவிட எலியே நமக்கு நெருங்கிய உறவு. குரங்கு, மனிதன் அடங்கிய கிளையில் இந்தப் புரதம் வேகமாக மாறியிருக்கிறது. அதனால் நம் தூரம் எல்லோரிடமிருந்தும் கூடுதலாகத் தெரிகிறது. குறைந்த வேறுபாடு என்றால் நெருங்கிய உறவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக் கூடாது என்பது இதனால்தான். 104 எழுத்துகளைக் கொண்டு இத்தகைய கிளைகளைப் பிரிப்பது கடினம். அந்த முடிச்சில் பூட்ஸ்டிராப் எண் குறைவாக இருந்தால் அதை நம்பாதீர்கள்.

அடுத்து ஹீமோகுளோபினை முயல்பவர்கள் அதன் ஆல்ஃபா சங்கிலியை ஆல்ஃபாவோடும் பீட்டா சங்கிலியை பீட்டாவோடும் மட்டுமே ஒப்பிடுங்கள். அவையும் ஒரே மரபணுவின் பழைய பிரதிகள்தான்.